ஆடுவோர் கூற்றும் ஆக்குவோர் செவியும்: இணைய விளையாட்டு விமர்சனம் பற்றிய சில சிந்தனைகள்

தமிழில் விமர்சனம் மேனாட்டார் தொடர்பினால் தோன்றிய துறை என்பர். இன்று வழங்கும் பொருளில் அச்சொல்லும் அதன் கோட்பாடுகளும் பிற்காலத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒரு படைப்பை அறிந்தோர் முன்னிலையில் வைத்து, அவர்தம் வினாக்களுக்கு விடையிறுத்து, அதன் பின்னரே உலகுக்கு வழங்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் இயற்றியதாக வழங்கும் சிறப்புப்பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையிலே அதங்கோட்டாசானுக்கு ஐயமறத் தெரிவிக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. அரங்கேற்றம் வெறுஞ் சடங்கன்று. குற்றங் காணும் உரிமை கேட்போனுக்கும், அதற்கு விடை கூறும் கடமை படைத்தோனுக்கும் உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட ஒரு சமுதாய ஒழுங்கின் வெளிப்பாடே அது. அவையடக்கம் படைத்தோனைக் கட்டுப்படுத்தியது போலவே அவை நாகரிகம் கேட்போனையும் கட்டுப்படுத்தியது.

இவ்வொழுங்கை மனங்கொண்டு இன்றைய இணைய விளையாட்டுலகை நோக்கும்போது ஒரு வியப்பான நிலை புலனாகின்றது. கணினியிலும் கையடக்கத் தொலைபேசியிலும் பல்லாயிரவர் ஒரே வேளையில் ஆடும் இவ்விளையாட்டுகள் ஒவ்வொரு நாளும் அரங்கேறுகின்றன. ஒவ்வொரு நாளும் குற்றங் காணப்படுகின்றன. ஒவ்வொரு நாளும் திருத்தப்படுகின்றன. அச்சில் ஏறிய நாவலை வாசகன் எவ்வளவு குறை கூறினும் அடுத்த பதிப்பு வரும்வரை ஒரு வரியும் மாறாது. இணைய விளையாட்டோ அவ்வாறன்று. ஆடுவோர் கூற்று அதன் உருவத்தையே மாற்றவல்லது. எனவே, இங்கு விமர்சனம் என்பது படைப்புக்குப் புறத்தே நிற்கும் கருத்துரையாக அன்றி, படைப்பின் ஆக்கத்திலேயே பங்குகொள்ளும் ஒரு செயலாக அமைகின்றது. இத்துணை ஆற்றல் வாய்ந்த விமர்சனம் எத்தகைய பண்பு உடையதாதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களுக்கு இவ்வினா அந்நியமானதன்று. இவ்வூர்களில் வளர்ந்த கலைகள் பலவும் குற்றங் காண்பதையும் திருத்துவதையும் தம்முள்ளேயே கொண்டவை. பொல்லடியை எடுத்துக்கொள்ளலாம். வட்டமாக நின்று கோலோடு கோல் தட்டி ஆடுவோருக்கு அண்ணாவியாரின் பாட்டும் தாளமுமே வழிகாட்டி. ஒருவரின் அடி பிந்தினால் வட்டம் முழுவதும் குலையும். ஆதலின் பிழையைச் சுட்டுவது அங்கே அவமதிப்பாகக் கொள்ளப்படுவதில்லை. அடுத்தவரின் கோல் விரலில் விழாமற் காக்கும் பொறுப்பாகவே கொள்ளப்படுகின்றது. பிழை சுட்டப்படுவது ஆட்டம் தொடர்வதற்காகவேயன்றி ஆடுபவனை வட்டத்தைவிட்டு விரட்டுவதற்காக அன்று.

எழுத்திலக்கியத்திலும் இப்பிரதேசத்துக்கு ஒரு விமர்சனப் பாரம்பரியம் உண்டு. பெரியநீலாவணையிற் பிறந்த நீலாவணனும், பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கமும், கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமானும் சில மைல் தூரத்துக்குள் வாழ்ந்த கவிஞர்கள். சமயத்தால் வேறுபட்ட இவர்களை ஒருங்கிணைத்தது கவிதை மட்டுமன்று. கவிதை பற்றிய உரையாடலுமாகும். 1984 இல் நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ என்ற நூலில் இம்மூவரும் இடம்பெற்றமையும், 1985 இல் நுஃமானின் ‘திறனாய்வுக் கட்டுரைகள்’ வெளிவந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கன. தொகுப்பதும் ஒரு விமர்சனச் செயலே. ஏற்பதற்கும் விடுப்பதற்கும் காரணம் காட்ட வேண்டிய பொறுப்பு அதில் அடங்கியுள்ளது. ஏற்பது, விடுப்பது, காரணங் காட்டுவது என்னும் இம்மூன்றுமே எக்காலத்து விமர்சனத்துக்கும் அடிப்படை எனலாம்.

இணைய விளையாட்டுலகில் இம்மூன்றில் முதலிரண்டும் பெருகியும் மூன்றாவது அருகியும் காணப்படுகின்றன. ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தில் ஆடியோர் ஒரு விளையாட்டைப் பரிந்துரைக்கலாம், அன்றேல் பரிந்துரையாது விடலாம். பெருவிரல் மேலே, அல்லது பெருவிரல் கீழே. கையடக்கத் தொலைபேசி விளையாட்டுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. எண்ணுவதற்கு இவை எளியன. ஆயின், எண்ணிக்கை ஒரு தீர்ப்பை அறிவிக்குமேயன்றி அதற்கான நியாயத்தை அறிவிக்காது. ஸ்டீம் தளத்தில் பாராட்டத்தக்க ஒரு வழக்கமும் உண்டு. கருத்துக் கூறுபவர் அவ்விளையாட்டை எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது அவர் கூற்றோடு சேர்த்தே காட்டப்படும். நூலைப் படியாது மதிப்புரை எழுதுவோரை இலக்கிய உலகம் நன்கு அறியும். அவர்களுக்கும் இத்தகைய ஓர் அளவுகோல் இருந்திருப்பின் பல மதிப்புரைகள் வெளிவந்தே இரா.

சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஓர் இளைஞன் கைத்தொலைபேசியில் ‘பப்ஜி’ ஆடுகின்றான் எனக் கொள்வோம். அவன் சுடுவதற்கு முன்னரே சுடப்பட்டு வீழ்கின்றான். ‘விளையாட்டுச் சரியில்லை’ என்று ஒரு நட்சத்திரம் இடுகின்றான். அவன் பட்ட ஏமாற்றம் மெய்யானது. அதனை எவரும் மறுத்தல் ஆகாது. ஆயின், அவன் கண்ட குறை எங்குள்ளது? விளையாட்டின் அமைப்பிலா, தொலைதூர நாடொன்றிலுள்ள வழங்கிக்கும் அவனது தொலைபேசிக்கும் இடையே செய்தி சென்று மீளும் தாமதத்திலா, ஊரின் அலைவரிசை நெரிசலிலா, தொலைபேசியின் வலுக்குறைவிலா? ஒரு நட்சத்திரம் இவற்றுள் எதனையும் கூறாது. என்ன நிகழ்ந்தது, எந்நிலையில் நிகழ்ந்தது, என்ன நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்னும் மூன்றையும் அவன் எழுதியிருப்பானாயின், அவனது ஒரு கூற்று ஆயிரம் நட்சத்திரங்களிலும் பயனுடையதாகியிருக்கும். ‘மஜிக்’ என்னும் சீட்டு விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளரான மார்க் றோஸ்வோட்டர், ஆடுவோர் குறையை இனங்காண்பதில் வல்லவர்கள், அதற்குத் தீர்வு காண்பதில் அத்துணை வல்லவர்களல்லர் எனத் தம் நீண்டகால அனுபவத்தினின்றும் கூறியுள்ளார். ஆடுவோரைத் தாழ்த்தும் கூற்றாக இதனைக் கொள்ள வேண்டியதில்லை. நோவு எங்கென்று நோயாளியே அறிவான். மருந்து எதுவென்று அவன் கூறவேண்டியதில்லை. நோவைத் தெளிவுறக் கூறுதலே அவன் கடன். அதனைப் பொறுமையுடன் கேட்டல் மருத்துவன் கடன்.

கேட்கும் கடனை ஆக்குவோர் எவ்வாறு நிறைவேற்றினர் என்பதற்கு இரு வரலாறுகள் சான்றாகும். 2010 செப்டெம்பரில் ஜப்பானிய நிறுவனமான ஸ்குவெயார் எனிக்ஸ் வெளியிட்ட ‘பைனல் பாண்டசி 14’ ஆடுவோரின் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் அதன் பொறுப்பு நாஓகி யொஷிதாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆடுவோருக்குத் தொடர்ச்சியாகத் திறந்த கடிதங்கள் எழுதினார், பிழைகளை ஒப்புக்கொண்டார், இறுதியில் 2012 நவம்பரில் பழைய விளையாட்டை மூடி, 2013 ஆகஸ்டில் அதனைப் புதிதாகவே கட்டியெழுப்பி வெளியிட்டார். இங்கிலாந்தின் ஹெலோ கேம்ஸ் என்ற சிறு குழுவினர் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட ‘நோ மான்ஸ் ஸ்கை’யின் கதையும் இத்தகையதே. வாக்களிக்கப்பட்டவை பல அதிற் காணப்படவில்லை என்று ஆடுவோர் சினந்தனர். அச்சினத்துக்கு நியாயம் இருந்தது. குழுவினர் நீண்ட விளக்கங்களில் இறங்காது, ஆண்டுதோறும் இலவசத் திருத்தங்களை வெளியிட்டனர். 2018 இன் பெருந்திருத்தத்தின் பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. தொடக்கத்தில் வசை பெற்ற அவ்விளையாட்டு, ஆண்டுகள் செல்ல, ஆடுவோரின் பொது மதிப்பீட்டிலும் நற்பெயர் ஈட்டியது.

எனினும், இவ்விரண்டாவது வரலாற்றுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. விளையாட்டு வெளிவருவதற்கு முன்னர், 2016 மே மாதத்தில், வெளியீடு சில வாரங்கள் பிற்போடப்படும் என அறிவிக்கப்பட்டபோது அக்குழுவின் தலைவர் ஷோன் மறேக்குக் கொலை அச்சுறுத்தல்கள் விடுக்கப்பட்டன. அப்போது குறைகூற விளையாட்டே வெளிவந்திருக்கவில்லை. ஆதலின் அவ்வச்சுறுத்தலை மிகையான விமர்சனம் என்றும் கூறுதல் பொருந்தாது. அது விமர்சனமே அன்று. 2014 இல் ‘கேமர்கேட்’ என வழங்கிய இயக்கம், விளையாட்டுப் பத்திரிகைத் துறையின் ஒழுக்கத்தை விமர்சிப்பதாகக் கூறிக்கொண்டே, அத்துறையிலிருந்த பெண்களைக் குறிவைத்துத் தூற்றியது. விளையாட்டுகளில் பெண்கள் சித்திரிக்கப்படும் முறையை ஆராய்ந்த அனிதா சர்க்கீசியன், அவ்வாண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்தவிருந்த சொற்பொழிவைக் கொலை அச்சுறுத்தல் காரணமாகக் கைவிட நேர்ந்தது. விமர்சனம் என்னும் பெயரால் ஒரு விமர்சகியின் வாய் அடைக்கப்பட்டமை இங்கு கவனத்துக்குரியது. ஒரு கூற்று விமர்சனமா அன்றா என்பதை அதன் பெயர் கொண்டு துணிதல் இயலாது. அது உரையாடலைத் திறக்கின்றதா, மூடுகின்றதா என்பதைக் கொண்டே துணிதல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். மரியாதை, பண்பு என்பன வலியோர் தம்மைக் காத்துக்கொள்ள மெலியோர் மீது சுமத்தும் விலங்குகள் அல்லவா? கோடிக்கணக்கில் இலாபமீட்டும் நிறுவனத்தின் முன் தனியொருவன் எதற்காக மென்மையாகப் பேசவேண்டும்? இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 2017 நவம்பரில் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார் வோர்ஸ் பற்றில்பிறண்ட் 2’ வெளிவரவிருந்த வேளை, புகழ்பெற்ற பாத்திரம் ஒன்றைப் பெறுவதற்கு 60,000 புள்ளிகள் சேர்க்கவேண்டும் என்ற விதி ஆடுவோரைச் சினமூட்டியது. நிறுவனம் அளித்த விளக்கம் றெடிற் தளத்தில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட எதிர்வாக்குகளைப் பெற்றது. புள்ளிகள் 15,000 ஆகக் குறைக்கப்பட்டன. விளையாட்டினுள் பணங்கொடுத்துப் பொருள் வாங்கும் முறையும் வெளியீட்டுத் தருணத்தில் இடைநிறுத்தப்பட்டது. இங்கு எண்ணிக்கையே ஆயுதமாயிற்று. அது தக்க ஆயுதமுமாயிற்று.

இலங்கையரை நேரடியாகத் தொட்ட நிகழ்ச்சி 2024 மே மாதத்தது. சுவீடனின் அறோஹெட் குழுவினர் ஆக்கிய ‘ஹெல்டைவர்ஸ் 2’ ஐக் கணினியில் ஆடுவோர் அனைவரும் ப்ளேஸ்டேஷன் வலையமைப்பில் கணக்கொன்றை இணைத்தல் கட்டாயம் என அதனை வெளியிட்ட சோனி நிறுவனம் அறிவித்தது. அவ்வலையமைப்பின் சேவை வழங்கப்படாத நாடுகள் 100க்கு மேற்பட்டவை. அன்று இலங்கையும் அவற்றுள் ஒன்று. பணங்கொடுத்து வாங்கிய விளையாட்டைத் தம் நாட்டின் பெயரால் இழக்கும் நிலை ஆடுவோர் பலருக்கு ஏற்பட்டது. சில நாட்களுக்குள் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட எதிர் மதிப்பீடுகள் குவிந்தன; சோனி தன் முடிவைக் கைவிட்டது. ஆயினும், விற்பனை நிறுத்தப்பட்ட நாடுகள் மீதான தடை உடனே நீங்கவில்லை. பெருந்தொகையினரின் குறை தீர்ந்தது; சிறு சந்தைகளின் குறை எஞ்சி நின்றது. எண்ணிக்கையால் வெல்லப்படும் நியாயம் எண்ணிக்கை குறைந்தோரை எளிதில் மறந்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இலங்கையின் கீழைக்கரையில் ஆடும் ஒருவனுக்கு எண்ணிக்கை ஒருபோதும் துணையாகாது. காரணமே அவனுக்குத் துணை.

எனவே, மரியாதை என்பதை மென்மை எனக் கொள்வது தவறு. சினம் மரியாதைக்கு மாறானதன்று. நிறுவனத்தின் முடிவைச் சினந்து எதிர்ப்பது வேறு. அந்நிறுவனத்திற் கூலிக்கு உழைக்கும் ஓர் ஓவியனையோ நிரல் எழுதும் பெண்ணையோ தேடிச்சென்று இழிவுபடுத்துவது வேறு. முன்னையது மேல்நோக்கிச் செல்லும் நியாயக் குரல். பின்னையதோ முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒருவரை முடிவுக்காகத் தண்டிக்கும் கோழைத்தனம். பொறுப்புடையவர் யார் என்று ஆராய்ந்து அறிவதும் விமர்சகனின் கடமைகளுள் ஒன்றாகும். திருக்குறள் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் இடித்துரைப்போரின் துணையை அரசனுக்கு இன்றியமையாததாகக் கொள்வதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. இடித்துரை ஆள்வோனை நோக்கியது. அவன் ஏவலாளரை நோக்கியதன்று.

இப்பிரதேச மக்களின் சமயவுணர்வைத் தொட்ட இரு நிகழ்ச்சிகளும் இங்கு குறிப்பிடற்பாலன. 2020 ஜூனில் ‘பப்ஜி மொபைல்’ விளையாட்டிற் சேர்க்கப்பட்ட காட்டுப் பகுதி ஒன்றிலே, குலச்சின்னத் தூணின் முன் பாத்திரங்கள் மண்டியிட்டு வலுப் பெறும் அம்சம் இடம்பெற்றது. ஏகத்துவ நம்பிக்கைக்கு இது முரணானது என முஸ்லிம் ஆட்டக்காரர் எடுத்துரைத்தனர். அவ்வம்சம் நீக்கப்பட்டு வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. 2021 நவம்பரில் ‘கோல் ஒப் டியூற்றி: வான்கார்ட்’ விளையாட்டின் ஓரிடத்தில் திருக்குர்ஆனின் பக்கங்கள் தரையிற் கிடப்பதாகக் காட்டப்பட்டமை சுட்டிக்காட்டப்பட்டபோது, அக்டிவிஷன் நிறுவனம் அதனை நீக்கி அறபு மொழியில் மன்னிப்புக் கோரியது. இவ்விரு சந்தர்ப்பங்களிலும் பயன் விளைத்தது குறையின் திட்பமே. எந்தக் காட்சி, எந்த இடம், ஏன் புண்படுத்துகின்றது என்பன தெளிவாகக் கூறப்பட்டன. ஆக்கியோரிடம் பகைமை இருந்ததாகக் கொள்ளாது அறியாமை இருந்ததாகக் கொண்டு பேசியோரின் கூற்றே திருத்தத்துக்கு வழி திறந்தது. இஸ்லாமிய ஒழுக்க நூல்கள் நலம் நாடிக் கூறும் நஸீஹத்தையும் ஒருவர் இல்லாவிடத்து அவரைக் குறைகூறும் கீபத்தையும் வேறுபடுத்துவதும் இந்த நுண்மையை மனங்கொண்டேயாம்.

இதே அளவுகோலை ஊரின் பெரியோருக்கும் பிரயோகித்தல் நியாயமாகும். பள்ளிவாசல் முற்றத்திலும் வீட்டுத் திண்ணையிலும் பாடசாலையிலும் இவ்விளையாட்டுகள் மொத்தமாகவே கண்டிக்கப்படுவதுண்டு. இரவுத் தூக்கம் கெடுகின்றது, படிப்புப் பாழாகின்றது, பெற்றோரின் பணம் விரயமாகின்றது என்னும் கவலைகள் ஆதாரமற்றவையல்ல. குறிப்பாக, இலவசம் என்ற பெயரில் வழங்கப்பட்டு, உடைக்கும் ஆயுதத்துக்கும் சிறுகச் சிறுகப் பணம் பறிக்கும் விளையாட்டுகளின் அமைப்பு வன்மையான விமர்சனத்துக்குரியது. ஆயின், அவ்விமர்சனம் வலுப்பெற வேண்டுமாயின் விளையாட்டை அறிந்து கூறல் வேண்டும். எது பொழுதுபோக்கு, எது சூதின் சாயல் கொண்ட பொறி எனப் பிரித்தறியாது கூறப்படும் கண்டனத்தை இளைஞன் ஒரு செவியால் வாங்கி மறு செவியால் விட்டுவிடுகின்றான். பிள்ளையின் அருகில் ஒரு மணி நேரம் அமர்ந்து பார்த்த தந்தையின் ஒரு வாக்கியம், பாராமலே கூறப்படும் நீண்ட உபதேசத்திலும் ஆழமாகப் பதியும்.

இறுதியாக, மொழி பற்றிய ஒரு குறை எடுத்துரைக்கப்படல் வேண்டும். உலகெங்கும் ஆடுவோர் கூற்று ஆங்கிலத்திலும் வேறு சில பெருமொழிகளிலுமே செவிமடுக்கப்படுகின்றது. தமிழில் ஆடி, தமிழிற் சினந்து, தமிழில் மகிழ்வோனின் கூற்று எவரையும் எட்டுவதில்லை. 2023 ஜூலையில் கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’ இந்நிலையில் ஒரு புதுமை. 1988 இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையை, தாயிடமிருந்து வந்த சிதைந்த சமையற் குறிப்பேட்டின் வழியே கூறும் அவ்விளையாட்டு, 2024 இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகத்தின் அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. அழிந்த எழுத்துகளை ஊகித்துப் புட்டு அவிக்கும் கட்டத்தை உலகின் விமர்சகர்கள் பாராட்டினர். முழு விளையாட்டும் மிகக் குறுகிய நேரத்தில் முடிந்துவிடுகின்றதே எனக் குறையும் கூறினர். ஆயின், அதன் பேச்சுத் தமிழ் எவ்வூர்த் தமிழ், தாய்க்கும் மகனுக்கும் இடையில் மொழி அறுந்துபோகும் சோகம் எத்துணை உண்மையாகச் சித்திரிக்கப்பட்டுள்ளது, தமிழகத்துச் சமையலறையைத் தமிழ்ச் சமையலறையின் பொது வடிவமாகக் கொள்ளல் தகுமா என்னும் வினாக்களைத் தமிழ் அறியாதோர் முழுமையாக எழுப்புதல் எளிதன்று. அவை தமிழ் அறிந்தோர் எழுப்ப வேண்டிய வினாக்கள். புட்டை அன்றாட உணவாகக் கொண்ட கல்முனையும் அவற்றை எழுப்ப உரிமையுடைய ஊர்களுள் ஒன்று.

நாவலும் சிறுகதையும் தமிழுக்குப் புதியனவாக வந்த காலத்தில், அவை கற்றோர் கருத்திற்குரியனவல்ல எனத் தள்ளியோர் இருந்தனர். பின்னர் பல்கலைக்கழகங்களே அவற்றின் விமர்சனத்துக்குத் தளமாயின. இணைய விளையாட்டும் இன்று அதே வாயிலில் நிற்கின்றது. அதனை வணங்கி வரவேற்க வேண்டியதில்லை, விரட்டவும் வேண்டியதில்லை. அறிந்து பேசுதல், காரணங் காட்டுதல், ஆக்கத்தையும் ஆக்கியோனையும் வேறுபடுத்துதல், பொறுப்புடையோனை நோக்கியே சினத்தைச் செலுத்துதல், விடை கூற இடம் விடுதல் என்னும் ஐந்தும் கைவரப்பெற்ற விமர்சனமே அதற்கு வேண்டியது. பொல்லடி வட்டத்தில் பிழைத்தவனுக்கு மீண்டும் அடி எடுத்துவைக்க இடம் இருந்தது. அவ்விடத்தை விடாத குரல், எவ்வளவு உரத்து ஒலிப்பினும், விமர்சனமாகாது. அவ்விடத்தை விட்டும் தன் உறுதியைத் தளர்த்தாத குரல் கடல் கடந்தும் கேட்கப்படும். அக்குரல் தமிழிலும் எழவேண்டும் என்பதே இன்றைய தேவை.